எதைப் படிக்க வேண்டாம்?

செயற்கை நுண்ணறிவுக்கு மொழி கற்றுக்கொடுக்க, இணையப் பக்கங்களிலிருந்து கூகுள் திரட்டிய ஆங்கில உரைத் தொகுப்பு ஒன்றுக்கு சி4 என்று பெயர். அதை அலசிய ஆய்வாளர்கள், 61 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம் அதில் 60,000 தடவைக்கு மேல் வருவதைக் கண்டுபிடித்தார்கள். பெருக்கிப் பாருங்கள்: 36 லட்சம் சொற்களைத் தாண்டும். பக்கத்துக்கு 250 சொல் என்று அச்சிட்டால், முந்நூறு பக்கப் புத்தகங்கள் ஏறத்தாழ ஐம்பது வரும். ஐம்பதிலும் அதே ஒரு வாக்கியம்தான்.

நியூரல் நெட்வொர்க் எனப்படும் நரம்பு வலைப்பின்னல் கற்கும் விதத்தைப் பார்த்தால், ஒன்றையே திரும்பத் திரும்பப் படிப்பதில் உள்ள வீண் செலவு விளங்கும். அதன் உள்ளே இருப்பவை கோடிக்கணக்கான எண்கள். ஒரு படத்தைக் காட்டினால் அது ‘பூனை’ என்றோ ‘நாய்’ என்றோ விடை சொல்லும். விடை எவ்வளவு பிசகியது என்று அளந்து, பிசகு குறையும் பக்கமாக அந்த எண்களை மயிரிழை அளவு நகர்த்த வேண்டும். பயிற்சி என்பது இவ்வளவுதான். லட்சமாவது பூனைப் படம் வருவதற்குள் வலைப்பின்னல் தேறியிருக்கும். பிசகு பூஜ்யத்தை ஒட்டியிருக்கும், எண்கள் அநேகமாக அசையாது. ஆனால் முதல் பூனைக்கு எத்தனை பெருக்கலும் கூட்டலும் நடந்தனவோ, அத்தனையும் இதற்கும் நடந்தாக வேண்டும். கற்றது ஒன்றுமில்லை, மின்செலவு மட்டும் அதேதான்.

அச்சு அசலான நகல்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். தாஜ்மகாலின் முன்னால் நின்று ஆயிரமாயிரம் பேர் எடுத்த படங்களை என்ன செய்வது? வெளிச்சம் வேறு, கேமரா வேறு. புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டால் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆனால் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே காட்சி. இங்கே ‘உட்பொதிவு’ கைகொடுக்கிறது. ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஒரு வலைப்பின்னலிடம் படத்தைக் கொடுத்தால், அதைச் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாற்றித் தரும். அந்த எண்வரிசைதான் உட்பொதிவு. பொருள் ஒத்த படங்களின் எண்வரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் அமையும். இரண்டு தாஜ்மகால் படங்கள் நெருங்கி நிற்கும், ரயில் எஞ்சின் வெகுதூரத்தில் இருக்கும்.

நெருங்கி நிற்பவற்றைக் கண்டுபிடித்து நீக்கிவிடலாமே என்றால், குறுக்கே நிற்பது எண்ணிக்கை. 44 கோடிப் படங்களை இரண்டிரண்டாக ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். வினாடிக்குப் பத்து லட்சம் ஜோடிகளைப் பார்த்தாலும் வேலை முடிய 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே படங்களை முதலில் 50,000 கொத்துகளாகச் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்துக்குள் மட்டும் ஒப்பிட்டால்? ஒரு கொத்தில் 8,800 படங்கள்தான் இருக்கும். அதே வேகத்தில் 23 நாளுக்குள் முடிந்துவிடும்!

கொத்துகளை யார் பிரிப்பது? ‘கே-மீன்ஸ்’ என்ற சின்னஞ்சிறு வழிமுறை. அது வேலை செய்வதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். 1, 2, 3, 10, 11, 12 என்று ஆறு எண்கள். இரண்டு கொத்துகள் வேண்டும். வேண்டுமென்றே மோசமாகத் தொடங்கி, 1-ஐயும் 2-ஐயும் மையங்களாக வைப்போம். ஒவ்வொரு எண்ணும் தனக்கு அருகில் உள்ள மையத்தோடு சேரட்டும். 1 தனியாக நிற்கும், மற்ற ஐந்தும் 2-ன் பக்கம் போகும். இப்போது ஒவ்வொரு கூட்டத்தின் சராசரியையும் புதிய மையமாக்குங்கள்: 1, 7.6. மறுபடி பிரியுங்கள். 2-க்கும் 3-க்கும் இப்போது 1-தான் பக்கம், அவை இடம் மாறுகின்றன. சராசரிகள் 2, 11. இன்னொரு முறை பிரித்தால் எதுவும் நகராது. எங்கே பிளவு இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை, இரண்டே சுற்றில் அது தானாக வெளிப்பட்டுவிட்டது. ஆறு எண்களுக்குப் பதிலாக 44 கோடி எண்வரிசைகளைப் போட்டாலும் செய்முறை இதேதான்.

இந்த வழிமுறை தொலைபேசிக் காலத்தில் பிறந்தது. 1957-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாய்ட், குரலை எண்களாக மாற்றும்போது பிழை மிகக் குறையுமாறு அளவுகளை எங்கே வைக்கலாம் என்று யோசித்து இதை எழுதினார். கட்டுரையாக அச்சேறியது 1982-ல்தான்.

2023-ல் மெட்டா நிறுவன ஆய்வாளர்கள் லேயான் என்ற படத் தொகுப்பின் ஒரு பகுதியை இப்படிக் கொத்தாக்கி, பொருளில் ஒத்த படங்களைக் களைந்தார்கள். பாதித் தரவு போயிற்று. அதில் பயின்ற வலைப்பின்னலின் திறன் அநேகமாகக் குறையவில்லை, பயிற்சி நேரமும் ஏறத்தாழ பாதியானது.

இதைவிட என்னை வியக்க வைத்தது, 2022-ல் பென் சோர்ஷரும் சூர்யா கங்குலியும் உள்ளிட்ட குழு வெளியிட்ட முடிவு. கொத்தின் மையத்துக்கு அருகில் இருக்கும் படம் எளிது. விலகி நிற்பது கடினம். அவ்வளவுதான் அவர்கள் அளவுகோல். மனிதர் யாரும் எந்தப் படத்துக்கும் பெயர் எழுதித் தரத் தேவையில்லை. சுமார் 12.8 லட்சம் படங்கள் கொண்ட இமேஜ்நெட் தொகுப்பில் ஐந்தில் ஒரு பங்கை இந்த அளவுகோல்படி நீக்கியும் துல்லியம் அநேகமாக அப்படியே நின்றது. எந்தப் பக்கத்தை நீக்குவது என்பதில்தான் நுட்பம். தரவு ஏராளமாக இருந்தால் கடினமானவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். குறைவாக இருந்தால் எளியவற்றை. கூட்டல் பழகும் குழந்தைக்கு ஒலிம்பியாட் கணக்கு ஏறாது, கணக்கில் தேறியவருக்குக் கூட்டல் கணக்கு புதிதாக எதையும் தராது அல்லவா?

ஆபத்தும் உண்டு. விலகி நிற்பது அரிய படமாகவும் இருக்கலாம், பெயர் தவறாக ஒட்டப்பட்ட குப்பையாகவும் இருக்கலாம். தூரத்தை மட்டும் பார்த்து வெட்டினால் சில வகைகள் அடியோடு மெலிந்துபோகும். அதனால் எல்லா வகைக்கும் குறைந்தபட்ச இடம் ஒதுக்குவது அவசியம். இதைத் தவிர்த்துவிட்டுச் சிக்கனம் பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

பைத்தான் தெரிந்த மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையால் எழுதிய 70,000 இலக்கங்கள் கொண்ட எம்னிஸ்ட் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண மடிக்கணினி போதும். பத்துக் கொத்துகளாகப் பிரித்துப் பாருங்கள். 4-ம் 9-ம் ஒன்றோடொன்று கலந்து நிற்பதைக் காண்பீர்கள். பிறகு ஒவ்வொரு கொத்திலும் மையத்துக்கு மிக அருகில் உள்ள பத்தையும் மிகத் தள்ளி உள்ள பத்தையும் எடுத்து, எவை இல்லாமல் கற்க முடியும் என்று நீங்களே சோதித்துப் பாருங்கள்.