12 கிட்டார், 72 தந்தி, ஒரே மூச்சு! தெரியுமா?

கிட்டார் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? விடுதி மொட்டை மாடி, நடுவில் ஒரே ஒரு பையன், சுற்றிலும் ரசிகர் கூட்டம். ஆனால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் இசைத் துறைகளில் கிட்டார் மாணவரை இப்படித் தனிக்காட்டு ராஜாவாக இருக்க விடமாட்டார்கள், தெரியுமா? ‘கிட்டார் ஆன்சாம்பிள்’ என்றே ஒரு பாடம் உண்டு. நாலு பேரோ பன்னிரண்டு பேரோ அரைவட்டமாக உட்கார்ந்து வாராவாரம் ஒத்திகை பார்த்து, செமஸ்டர் முடிவில் மேடை ஏறியாக வேண்டும். அதற்கு கிரெடிட்டும் உண்டு!

ஏன் இந்த ஏற்பாடு? வயலின் படிக்கிற பிள்ளை சின்ன வயதிலேயே ஆர்கெஸ்ட்ராவில் போய் உட்கார்ந்துவிடும். சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் கிட்டாருக்கு நிரந்தர நாற்காலியே கிடையாது! வீட்டில் தனியாக வாசித்தே வளர்ந்தவருக்கு, அடுத்தவர் வாசிக்கும்போது வாய்மூடி எண்ணிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு. தனியே தடுக்கினால் நின்று மறுபடி தொடங்கலாம். குழுவில் ரயில் யாருக்காகவும் நிற்காது.

முதல் சோதனை சுருதி. 12 கிட்டார் என்றால் 72 தந்தி. ஒன்று நொடிக்கு 440 முறை அதிர, இன்னொன்று 442 முறை அதிர்ந்தால் என்ன ஆகும்? ஒலி நொடிக்கு இரண்டு தடவை பெருத்துச் சிறுக்கும்! அந்த ஏற்ற இறக்கத்தைக் காதால் பிடித்து, அது அடங்கும்வரை முடுக்குவதுதான் சுருதி சேர்ப்பது. நைலான் தந்தியோ புதிதாகப் போட்டால் நாள்கணக்கில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு மேடை விளக்கின் சூடு வேறு!

அந்த நைலானுக்கும் ஒரு கதை உண்டு. அதற்கு முன்பு ஆட்டுக்குடல் தந்திதான். இரண்டாம் உலகப் போரில் அது அறுவைச் சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, நியூயார்க்கில் கிட்டார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின், கிட்டார் மேதை செகோவியாவின் ஊக்கத்தோடு 1940-களின் இறுதியில் நைலான் தந்தியைக் கொண்டுவந்தார்.

சரி, முதல் தந்தியை வெறுமனே மீட்டினால் வரும் அதே ஸ்வரம், இரண்டாம் தந்தியில் 5-ஆம் ஃப்ரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) இருக்கிறது, மூன்றாம் தந்தியில் 9-இலும், நான்காவதில் 14-இலும், ஐந்தாவதில் 19-இலும் இருக்கிறது தெரியுமா? ஒரே ஸ்வரத்துக்கு ஐந்து வீடுகள்! ஒவ்வொன்றிலும் குரல் வேறு. பியானோவில் இந்தத் தொல்லையே இல்லை. ஆகவே ஒத்திகையில் பாதி நேரம், “இதை எந்தத் தந்தியில் வாசிப்பது?” என்ற பஞ்சாயத்திலேயே போகும். அப்புறம் தந்தியை மீட்டும் நகம். வலக்கை நகம் உடைந்தால் டேபிள் டென்னிஸ் பந்தை வெட்டி ஒட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டில்லை, நிஜம்!

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது ஒன்றாகத் தொடங்குவது. வில் போட்டு வாசிக்கும் வயலினில் ஒலி மெல்ல எழும். சின்னப் பிசகு அதில் கரைந்துவிடும். மீட்டும் தந்தியில் மறைக்க இடமே இல்லை. 12 பேரில் ஒருவர் இம்மியளவு முந்தினாலும் ஒரு ‘டங்’ சிதறிப் பல ‘டடங்’ ஆகிவிடும்! மேடையின் இந்தக் கோடியில் எழும் ஒலி 10 மீட்டர் தள்ளி இருப்பவரை அடைய ஒரு நொடியில் சுமார் நூற்றில் மூன்று பங்கு ஆகிறது. எனவே காதை மட்டும் நம்பினால் பிந்திவிடுவோம். சிறு குழுக்களில் கண்டக்டரும் கிடையாது. என்ன செய்வார்கள்? முதல் ஸ்வரத்துக்கு முன் எல்லோரும் ஒன்றாக மூச்சிழுப்பார்கள். ஒருவர் கிட்டாரின் கழுத்தை லேசாக அசைப்பார். அவ்வளவுதான் சிக்னல். அடுத்த கணம் எல்லாக் கையும் தந்தியில்!

கல்லூரிக் குழுதானே என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கியூபாவில் பிறந்து ஸ்பெயினில் வளர்ந்த செலெடோனியோ ரோமெரோவும் மூன்று மகன்களும் சேர்ந்து 1960-இல் நால்வர் குழு தொடங்கினார்கள். அவர்களுக்காக 1967-இல் நான்கு கிட்டாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக ஒரு கான்செர்ட்டோ எழுதிக் கொடுத்தவர் ஹோவாகின் ரோட்ரிகோ. மூன்று வயதில் பார்வை இழந்தவர், பிரெய்லில் இசை எழுதியவர். கிட்டாருக்கு இத்தனை எழுதியவர் வாசித்தது பியானோ! மகன்களில் ஒருவரான பெப்பே, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அவர் வழிகாட்டுதலில் 1980-இல் அங்கே நான்கு மாணவர்கள் ஒரு குழுவானார்கள். அதுதான் லாஸ் ஏஞ்சலஸ் கிட்டார் குவார்ட்டெட். 2005-இல் கிராமி விருது! நால்வரில் ஜான் டியர்மன் கையில் 7 தந்தி கிட்டார். எல்லாக் கிட்டாரும் ஒரே உயரத்தில் ஒலித்தால் குழைந்துபோகும் அல்லவா? அடியில் இன்னும் ஆழமாக ஒரு குரல் வேண்டும். ஜப்பானில் நீபோரி ஹிரோகி இதற்காகவே ஆல்ட்டோ முதல் கான்ட்ராபாஸ் வரை ஒரு கிட்டார் குடும்பத்தையே உருவாக்கிவிட்டார்!

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1987-இல் எழுதிய ‘எலெக்ட்ரிக் கவுன்ட்டர்பாயின்ட்’ கேட்டிருக்கிறீர்களா? 10 கிட்டார், 2 பேஸ் என்று எல்லாவற்றையும் ஒருவரே முன்கூட்டிப் பதிவு செய்து, அதன்மேல் நேரடியாக வாசிக்க வேண்டும். கிட்டார் குழுக்களோ பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பகுதியாக மேடையேறிவிடுகின்றன! ராக் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் 1985-இல் தொடங்கிய ‘கிட்டார் கிராஃப்ட்’ வகுப்புகளில் இன்னொரு வேடிக்கை. எல்லோரும் வட்டமாக உட்கார்வார்கள். ஆளுக்கு ஒரே ஒரு ஸ்வரம்தான். அது கைமாறிக் கைமாறி வட்டத்தைச் சுற்றிவர, மெட்டு பிறக்கும். இசையமைப்பாளர் கிளென் பிராங்காவோ கிட்டாரும் பேஸுமாக 100 பேருக்கு ஒரு சிம்பொனி எழுதி, 2001 ஜூனில் நியூயார்க் உலக வர்த்தக மையத் திடலில் அரங்கேற்றினார். அடுத்த மூன்றே மாதத்தில் அந்த இரட்டைக் கோபுரங்களே இல்லை.

ஆனாலும் என் ஓட்டு கியூபாவின் லியோ ப்ரோவருக்குத்தான். 1984-இல் நான்கு கிட்டாருக்கு அவர் எழுதியது ‘மழையுடன் ஒரு கியூபா நிலக்காட்சி’. இவரிடம் ஒரு சொட்டு, அவரிடம் ஒரு சொட்டு என்று தொடங்கி, தூறலாகி, தந்தியைப் பலகையில் அறைகிற சத்தத்தோடு அடைமழையே கொட்டும்! யூடியூபில் தேடிக் கேளுங்கள். ஹெட்போன் கட்டாயம், எந்தச் சொட்டு யாருடையது என்று பிரித்துக் கேட்டால்தான் சுவை!