உங்களுக்குத் தெரியுமா? பங்கு ஊராட்சியே இல்லாத தீவு

▪ போர்ச்சுகலில் உள்ளாட்சியின் கடைசிப் படி 'பங்கு ஊராட்சி'. ஒரு தேவாலயம், அதைச் சுற்றிய குடிகள் என்ற பழைய திருச்சபைப் பங்குகளே பின்னாளில் அரசு நிர்வாக அலகுகளாயின. இன்று நாடெங்கும் மூவாயிரத்துக்கு மேல் உண்டு. ஒன்றுகூட இல்லாத ஒரே நகராட்சி, அசோரஸ் தீவுக்கூட்டத்தின் கோர்வோ. அங்கே பங்கு ஊராட்சியின் வேலையையும் நகராட்சியே பார்த்துக்கொள்கிறது.

▪ தீவின் பரப்பு சுமார் 17 சதுர கிலோமீட்டர். ஊர் ஒன்றே ஒன்று. 2011 கணக்கெடுப்பில் 430 பேர். 2021இல் 384 பேர். 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை இதைப்போல் இரு மடங்கு. அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் ஏறிப் போன இளைஞர்கள் பலர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்கள்.

▪ 1632இல் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் கரையேற முயன்றபோது, ஊர்மக்கள் மேட்டிலிருந்து கற்களை உருட்டி விரட்டினார்கள். அன்று காப்பாற்றியவர் மாதா என்பது ஊர் நம்பிக்கை. அதனால் 'அற்புதங்களின் அன்னை' என்ற பெயரில் இன்றும் வணங்குகிறார்கள்.

▪ ஒரு காலத்தில் தீவில் விளைந்த கோதுமையில் பெரும்பகுதி குத்தகைக்கே போனது; அதோடு பணவரியும் கட்டினார்கள். 1832இல் போர்ச்சுகல் அமைச்சர் மோசின்யோ ட சில்வேய்ரா கோதுமைக் குத்தகையைப் பாதியாக்கி, பணவரியை நீக்கினார். அதே ஆண்டு கோர்வோ தனி நகராட்சியானது. தீவாரின் நன்றியுணர்வில் நெகிழ்ந்த அவர், தம்மைக் கோர்வோவில் புதைக்கும்படி உயிலில் எழுதினார். ஆனால், அடக்கமானது போர்ச்சுகல் பெருநிலத்தில்தான்.