விலையல்ல, கைப்பிடியே முதன்மை

பாரிஸில் 2024-இல் மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பெற்றோர், விலையைப் பார்த்துத் துப்பாக்கி வாங்கிவிடுகின்றனர். பார்க்க வேண்டியது கைப்பிடியை.

ஒரே கையால் பிடித்து, 11.5 மி.மீ. விட்டமுள்ள பத்துப் புள்ளி வட்டத்தைச் சுட வேண்டும். கைப்பிடி பொருந்தாதவர் மணிக்கட்டைத் திருகிக் குறிபார்க்கப் பழகுகிறார். பின்னர் அப்பழக்கம் எளிதில் போவதில்லை. கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பிறகு திறந்து பாருங்கள். முன்குறியும் பின்குறியும் நேராக இல்லையெனில் கைப்பிடியைத் திருத்த வேண்டும். இடைவெளியை மரவேலைப் பட்டியால் நிரப்பலாம். உறுத்தும் இடத்தை உப்புத்தாளால் தேய்க்கலாம். ஆனால், அது மணிக்கட்டைத் தாங்கிப்பிடிப்பதாக அமையக் கூடாது.

விசையை இலகுவாக்கும் ஆசை பலருக்கு உண்டு. 500 கிராமுக்குக் குறைந்தால் பரிசோதனையில் தேறாது. மொத்த எடையின் உச்சவரம்பு 1,500 கிராம்.

டோக்கியோ தகுதிச்சுற்றின் நடுவே பாக்கரின் துப்பாக்கியில் நெம்புகோல் முறிந்தது. பழுதுபார்ப்பதில் நேரம் கரைந்தது, இறுதிச்சுற்று வாய்ப்பும் கைநழுவியது. எனவே, உதிரிபாகமும் பழுதுநீக்கத் தெரிந்தவரும் அருகில் கிடைக்கும் துப்பாக்கியையே வாங்குவது நல்லது. முதல் சில மாதங்களுக்குப் பயிற்சிக்கூடத்துத் துப்பாக்கியே போதும் என்பேன்.