மல்பெரித் தோட்டத்துக் குளவி

தக்காளி இலைத்துளைப்பானைப் பற்றிப் பேசுவதற்கு முன், பப்பாளி மாவுப்பூச்சியின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். நஞ்சின்றிப் பூச்சியை அடக்க இயலும் என்பதற்கு இந்தியாவில் இதனினும் வலுவான சான்று அரிது.

இலையின் அடிப்புறத்திலும் இளந்தண்டிலும் அடையடையாக ஒட்டிக்கொண்டு, வெண்மெழுகைப் போர்த்தியபடி சாற்றை உறிஞ்சுவது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இது, 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே மரவள்ளி, பருத்தி, மல்பெரி எனப் பல பயிர்களுக்கும் பரவியது. மெழுகுப் போர்வையால் மருந்து உடலில் படாமல் போவது ஒரு தொல்லை. மல்பெரியிலோ அதனினும் பெரிய இக்கட்டு இருந்தது. இலையில் தங்கும் மருந்தின் எச்சம் அதைத் தின்னும் பட்டுப்புழுவையே கொன்றுவிடும் என்பதால், பட்டுக்குப் பெயர்பெற்ற கோலார் போன்ற மாவட்டங்களின் உழவர் இலையைக் காக்க முயன்றால் புழுவை இழக்க நேரும்.

தாயகத்தில் இப்பூச்சி பெருந்தொல்லை தராததற்குக் காரணம் அங்குள்ள ஒட்டுண்ணிக் குளவிகள், அதாவது பிற பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு வளரும் நுண்ணிய குளவிகள். அவற்றுள் தலையாயது, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அசெரோபேகஸ் பப்பாயே. தாய்க்குளவி மாவுப்பூச்சியின் இளங்குஞ்சைத் தேடி அதனுள் முட்டையிட, வெளிவரும் புழு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கிறது. மாவுப்பூச்சியோ உப்பி, பழுப்பேறி, வெறும் கூடாக மாற, அதில் வட்டமான துளையிட்டுப் புதிய குளவி வெளியேறுகிறது. மனிதரையோ பட்டுப்புழுவையோ இது தீண்டுவதில்லை. மாவுப்பூச்சி கழிக்கும் தேன்கசிவுக்காக அதைக் காவல் காக்கும் எறும்புகளே இக்குளவிக்குப் பெரும் இடையூறு.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் நடத்திய பன்னாட்டு ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைத் திட்டமும், அதில் பங்கேற்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், அமெரிக்க வேளாண் துறையும் கைகோத்ததன் பயனாக, போர்ட்டோ ரிக்கோவில் வளர்க்கப்பட்ட மூவகைக் குளவிகள் 2010இல் பெங்களூரு வந்தன. அங்கே ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனத்தில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்டு, அதே ஆண்டின் பிற்பகுதியில் வயல்களில் விடப்பட்டன. சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கத் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் விளைந்த நன்மை 50 கோடி டாலருக்கும் மேல் எனப் பொருளியல் ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. குளவி விட்ட தோட்டத்தில் மருந்தடித்தால் குளவியே முதலில் மடியும் என்பதை உழவர்களிடம் எடுத்துரைத்ததும் அத்திட்டத்தின் பணிகளுள் ஒன்று. குளவியைக் கொண்டுவந்ததற்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று.

தென் அமெரிக்காவிலிருந்து பல நாடுகளைக் கடந்து 2014இல் இந்தியாவில் காணப்பட்ட தக்காளி இலைத்துளைப்பானின் புழு, இலைத்தோலுக்குள்ளும் காய்க்குள்ளும் மறைந்து தின்பது. அதனிடம் குளவியைக் கொண்டு அடக்கும் இவ்வழி எந்த அளவுக்குச் செல்லும் என்பது தனியே ஆராயப்பட வேண்டியது.