மூணு எண், ஒரே முன்னுரிமை

லினக்ஸ் லேப்ல 'டாப்' கமாண்ட் அடிச்சுப் பார்த்திருப்பீங்க. சாதாரண பிராசஸ் ஒன்றுக்கு நைஸ் மதிப்பு 0. பக்கத்திலேயே பிஆர் 20. கெர்னலுக்குள் அதற்கே 120. ஏன் இந்தக் குழப்பம்?

கெர்னலில் 0 முதல் 99 வரை ரியல்-டைம் பிராசஸ்களுக்கு. 100 முதல் 139 வரை சாதாரண பிராசஸ்களுக்கு. எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். நைஸ் மதிப்பு −20 முதல் 19 வரை. அதோடு 120 கூட்டினால் கெர்னல் எண், அதில் 100 கழித்தால் பிஆர். அவ்வளவுதான்.

இந்த எல்லைகளெல்லாம் 'ப்ரியோ.எச்' என்ற ஒரே ஹெட்டர் ஃபைலில் பெயரிட்டு வைக்கப்பட்டுள்ளன. 120 என்று கோடில் அங்கங்கே நேரடியாக எழுதியிருந்தால்? ஒரு இடத்தில் மாற்றி இன்னொரு இடத்தில் மறந்தால், கம்பைலர் எதுவும் சொல்லாது. ஷெட்யூலர் மட்டும் தப்பாகக் கணக்குப் போடும்.

உங்க ஓ.எஸ். மினி ப்ராஜெக்டிலும் எண்களுக்கு முதல்ல பேர் வைங்க, ஒரே ஃபைல்ல.