உம்ராப் பயணம்: யாரை நம்பிப் புறப்படுகிறோம்?



நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மக்காவைத் துறந்து புறப்பட்டபோது, கூலி கொடுத்து ஒரு வழிகாட்டியை அமர்த்திக் கொண்டார்கள். அவர் பெயர் அப்துல்லாஹ் பின் உரைகித். அப்போது அவர் முஸ்லிம் அல்லர். குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தார். ஆயினும் பாதைகளை நன்கறிந்தவர். சொன்ன சொல் தவறாதவர். இருவரும் தம் ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர்களைப் பிடித்துக் கொடுப்போருக்குக் குறைஷிகள் பெரும் பரிசு அறிவித்திருந்த நேரம் அது. அவர் காட்டிக் கொடுக்கவில்லை. சொன்னபடி வந்து, கடற்கரையோரப் பாதையில் அழைத்துச் சென்றார்.

ஹிஜ்ராவைப் பேசும் மேடைகளில் இந்த மனிதரை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பெருமானார் அவரிடம் பார்த்தவை இரண்டு: தொழில் அறிவும் நாணயமும். உம்ராவுக்கு அழைத்துச் செல்பவரிடம் நாம் எதைப் பார்க்கிறோம்? நோட்டீஸில் அச்சிட்ட ஆலிமின் பெயரை. பிறகு, மற்றவர்களைவிட ஐயாயிரம் குறைவு என்பதை.

இதை எழுதும் தகுதி எனக்கு ஒரு தவறினால் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஜும்ஆ முடிந்ததும் ஒரு குழுவைப் பற்றி நானே பள்ளியில் அறிவிப்புச் செய்தேன். ஆட்கள் சேர்ந்தால் இமாமுக்கு இலவசம் என்பது அவர்கள் வைத்த ஏற்பாடு. அதை நான் ஜமாஅத்தாரிடம் கூறவில்லை. மயிலாடுதுறை, நீடூர், அரங்கக்குடி என்று சுற்று வட்டாரத்திலிருந்து மக்கள் பெயர் கொடுத்தார்கள். சம்பா அறுவடைப் பணத்தையும் சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பியதையும் சேர்த்துக் கட்டியவர்கள் அவர்களில் உண்டு. மக்கா சென்று சேர்ந்தால், "ஹரமுக்கு மிக அருகில்" என்ற விடுதி செங்குத்தான ஒரு தெருவின் உச்சியில் இருந்தது. வாடகை போய்ச் சேரவில்லை என்று அறைச் சாவியும் தர மறுத்தார்கள். அஸரிலிருந்து இஷா வரை வயதான பெண்கள் இஹ்ராமுடன் மூட்டைகளருகே அமர்ந்திருந்தனர். அவர்களில் ஒரு மூதாட்டி என்னிடம் கோபப்படவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் வந்தோம், ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். அந்த இலவசம் எனக்கு எவ்வளவு விலையானது என்று அன்று அறிந்தேன்.

ஆகவே, எந்த ஹஜ்ரத் சொன்னாலும் நீங்கள் கேளுங்கள்: அவருக்கு அதில் பங்கு உண்டா? கேட்பது அவமரியாதை ஆகாது. விடுதியின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். "அல்லது அதற்கு நிகரான விடுதி" என்ற சொற்றொடர் இருந்தால் உஷாராகுங்கள். எத்தனை மீட்டர் என்பதைவிட, சாய்வா சமதளமா, நடையா பேருந்தா, அறையில் எத்தனை பேர் என்பவையே முதியோருக்கு முக்கியம். விமானம் நேரடியா, இடையில் எத்தனை மணி நேரம் காத்திருப்பு என்பதையும் அறியுங்கள். ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள். ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்லப் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் வெளியிடுகிறது. உம்ராவுக்கு அழைப்பவரெல்லாம் அதில் இருப்பதில்லை. எனவே சென்ற ஆண்டு அவருடன் போய் வந்த இரண்டு குடும்பங்களையாவது நேரில் பார்த்து விசாரியுங்கள்.

ஹஜ்ஜில் இந்த அலட்சியம் உயிரையே பறிக்கிறது. 2024 ஜூன் மாதம் ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். அனுமதி இல்லாதவருக்குக் குளிரூட்டிய கூடாரமில்லை, பேருந்தில்லை. கொளுத்தும் வெயிலில் நெடுந்தூரம் நடந்தார்கள். விசிட் விசாவில் ஆட்களை அனுப்பியதாக எகிப்து அரசு 16 நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்தது. "விசிட் விசாவில் போங்கள், உள்ளே நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று எவரேனும் கூறினால், அவர் உறவினரே ஆயினும் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்றவர்களிடமும் விழிப்பு வேண்டும். 2025இல் இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 52,507. மினாவின் கூடாரத்துக்கும் தங்குமிடத்துக்கும் உரிய காலத்தில் ஏற்பாடு முடிக்காததால் அவற்றில் பெரும்பகுதி பயனின்றிப் போயிற்று. எனவே பணம் கட்டியதோடு நில்லாமல், மினா ஏற்பாடு முடிந்ததா என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

இனி நம் பெட்டிகளுக்கு வருவோம். தஞ்சைப் பகுதிச் சமையலறையில் கசகசா சாதாரணப் பொருள். குருமாவுக்கு அதுவே சுவை. சவூதியிலோ அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருந்தாலும் ஆபத்துதான். வலி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் சிலவும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளன. மருத்துவரின் சீட்டைக் கைப்பையில் வையுங்கள். பக்கத்து வீட்டார் "ஜித்தாவில் என் மருமகனிடம் கொடுத்துவிடுங்கள்" என்று ஒட்டிய பொட்டலம் தந்தால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனை வரை உண்டு. அமானத் என்ற பெயரால் நம் பிள்ளைகள் சிறை செல்லக் கூடாது.

மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைச் சவூதி சென்று சேர்வதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக் கொள்ளுங்கள். முடி களைய நடைபாதையில் கத்தியுடன் நிற்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள். கடைக்குள் சென்று, கண் முன்னே புதிய பிளேடு மாற்றச் சொல்லுங்கள். ஹரமில் வழி தவறுவது எல்லோருக்கும் நேரும். வாயில்களுக்கு எண் உண்டு. மன்னர் அப்துல் அஜீஸ் வாயில் 1, மன்னர் ஃபஹத் வாயில் 79. நுழைந்த எண்ணை மனத்தில் வையுங்கள். அரபியில் அச்சிட்ட விடுதி அட்டை ஒவ்வொருவர் கழுத்திலும் இருக்கட்டும். மக்காவில் அவசர உதவிக்கு 911. பாஸ்போர்ட் தொலைந்தால் ஜித்தாவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தை அணுக வேண்டும். அதன் நகல் உங்களிடம் தனியே இருந்தால் வேலை எளிதாகும்.

ஜியாரத் சுற்றுலாக்களிலும் தேர்வு வேண்டும். குபா, உஹத் போன்ற இடங்களுக்குச் செல்வது இதமானது. ஹிரா குகைக்கு ஏறுவது உம்ராவின் அமல் அன்று. முழங்கால் வலியுள்ளோர் அடிவாரத்தில் நின்று பார்த்துத் திரும்புவதில் குறையில்லை. "ஜின் பள்ளத்தாக்கில் வண்டி தானாக மேட்டில் ஏறும்" என்று கூடுதல் பணம் கேட்பார்கள். மேடு போலத் தோன்றும் அந்தச் சாலை உண்மையில் இறக்கமே. அது கண்ணின் மயக்கம். ரவ்ளாவுக்கு 'நுசுக்' செயலியில் முன்பதிவு வேண்டும் என்பதால், அந்தப் பொழுதை இத்தகைய சுற்றுகளில் இழந்துவிடாதீர்கள்.

மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வேனிலேயே அதை முடித்துவிடுங்கள். வயதில் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை. செல்பேசியில் சார்ஜ் வைத்திருப்பவர், கூப்பிட்டால் எடுப்பவர் போதும்.