மெதமகாநுவரையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

கண்டி ஏரிக்கரையில் நின்று, தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தைக் கண்குளிரக் காணும் எவரும், அந்தச் சௌந்தரியத்துக்குக் காரணனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை, தென்னாட்டு நாயக்கர் வமிசத்தில் கண்ணுசாமியாய்ப் பிறந்து 1798இல் முடிசூடிய அம்மன்னனை, மனத்துக்குள் பாராட்டாமல் இருப்பது அரிது. ஆயினும் அவ்வேரி, கூலியில்லாத இராஜகாரியமாகப் பிரஜைகள் வெட்டிய ஏரி. நகரின் எழிலை நுணுகிக் கண்ட கண்ணுக்கு அவர்களுடைய துயரம் தென்படவில்லை. 1814இல், தனக்கு எதிராகக் கிளர்ந்த பிரதானி எஹெலப்பொலையின் மனைவி மக்களை அவன் கொல்வித்த கொடுமைக்குப்பின் ஜனங்களின் அன்பு அவனைவிட்டு அகன்றது. அவன் குற்றங்களை ஆங்கிலேயர் தம் படையெடுப்புக்கு நியாயமாகப் பெருக்கிச் சொன்னார்கள் என்பதையும் மறக்கலாகாது.

அப்படையெடுப்பின்போது தப்பியோடி, தெல்தெனியவுக்கு அப்பால், மெதமகாநுவரைப் பக்கத்தில் ஒளிந்திருந்த மன்னன் 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டான். பிடித்தவர்கள் அவனைக் கட்டி இழுத்தார்கள். இராணிகளின் ஆபரணங்களைக் காது கிழியப் பறித்தார்கள். அவ்வேளையில் அங்கு வந்த, ஆங்கிலேயர் சேவையிலிருந்த டயஸ் என்னும் மொழிபெயர்ப்பாளர், தாம் எழுதிவைத்த விருத்தாந்தத்தின்படி, கட்டை அவிழ்ப்பித்து, மன்னனுக்குரிய மரியாதை செய்து, அப்பெண்களின் காயங்களுக்கும் பரிகாரம் தேடினார். தோற்றுப்போன பகைவனிடத்தில், ஆதாயம் எதுவுமின்றி, மனிதனைக் கண்ட இந்தப் பார்வையையே நான் அகத்தின் அழகு என்பேன். வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட மன்னன் 1832இல் அங்கேயே காலமானான்.